தாழங்காலுக்குத் திரும்பியவன்

மாசிலாமணி முப்பது வருஷம் சிறைக் காவலராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே மகன் வீட்டிலிருந்து கிளம்பி, கொள்ளிடக் கரையில் இருந்த தையல்நாயகி அம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. முன்பு ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் என்று சொல்வார்கள். மடம் என்று பேரே தவிர, இரண்டு ஓட்டு வீடு, ஒரு கீரைத் தோட்டம், மத்தியானம் வருகிறவர்களுக்கு ஒரு வேளைச் சோறு. அவ்வளவுதான்.

மாசிலாமணி காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பார். மத்தியானம் பந்தி பரிமாறுவார். சாயங்காலம் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கேட்க அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எத்தனையோ பேரை வெளியில விட்டிருக்கேன்மா. பாதிப் பேர் அதே கதவு வழியா திரும்ப வந்தான். உள்ள இருக்கும்போது நல்லாத்தான் இருக்கான். அழுவான், சத்தியம் பண்ணுவான். வெளியில போனா ஏன் கெட்டுப்போறான்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வெளியில வந்ததும் எந்தப் பக்கமா போவாங்க?"

"அது தெரியாதும்மா. வெளியில விட்டதும் நாங்க கதவைச் சாத்திடுவோம்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம். பந்தியின் கடைசியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒட்ட வெட்டிய நரைத்த முடி. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. சோற்று வாளியோடு மாசிலாமணி வருவதை நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததும் இலையை விட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டான்.

"உக்காரு" என்றார் மாசிலாமணி.

குரல் பழைய குரலாகவே வந்தது. அவன் சட்டென்று உட்கார்ந்தான்.

அவன் பெயர் கலியமூர்த்தி. ஆயுள் கைதியாக மாசிலாமணியின் பொறுப்பில் வெகுகாலம் இருந்தவன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், பக்கத்து வயல் செல்லையனை மண்வெட்டியால் அடித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செல்லையன் செத்துப்போனார். கலியமூர்த்தி சிறைக்குப் போனதும், அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போனாள், திரும்பவில்லை. அவன் உள்ளே இருக்கும்போதே தாயும் போய்விட்டாள்.

விடுதலையான அன்றே தாழங்காலுக்குப் பஸ் ஏறியிருக்கிறான். அதுதான் அவன் ஊர். பஸ் நின்ற இடத்தில் டீக்கடை. கடையில் தெரிந்த முகங்கள். அவனால் இறங்க முடியவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், கோயில் மண்டபங்களில் படுத்துக் கிடந்து, சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே வந்திருக்கிறான்.

"வேற ஊரு ஏதாவது பாத்துக்கறதுதானே?" என்று கேட்டார் மாசிலாமணி.

"வேற ஊரு எனக்குத் தெரியாதுங்க ஐயா."

அம்மா கை கழுவிக்கொண்டு வந்தார்.

"மாசிலாமணி ஐயா, இவரைக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு வாங்க."

"பஸ் ஸ்டாண்டு வரைக்குமாம்மா?"

"அவர் வீடு வரைக்கும்."

மறுநாள் காலையில் இருவரும் தாழங்காலில் இறங்கினார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று மாசிலாமணிக்குத் தோன்றியது.

கலியமூர்த்தியின் வீட்டில் சுவர்கள் மட்டும்தான் நின்றன. கூரை எப்போதோ இற்று விழுந்திருந்தது. உள்ளே ஆமணக்குச் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவன் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"உள்ள போ" என்றார் மாசிலாமணி. போனான்.

கொஞ்ச நேரத்தில் ஊராட்சித் தலைவர் அம்பலவாணன் வந்தார். ஐம்பது வயது மனிதர். கெட்டவர் இல்லை. கலியமூர்த்தி அங்கேதான் நின்றான். அவனைப் பார்க்காமல் மாசிலாமணியிடம் பேசினார்.

"நீங்க யாருங்க?"

மாசிலாமணி சொன்னார்.

"ஜெயில் ஐயாவா? நல்லதாப் போச்சு. பாருங்க ஐயா, இவன் வரக்கூடாதுன்னு நான் சொல்ல முடியாது. அவன் மனைக்கட்டு. ஆனா செல்லையன் சம்சாரம் பூரணம் அடுத்த தெருவுலதான் இருக்காங்க. இவனை ஊருல பாத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்? அதை நாங்க யோசிக்கணுமில்ல?"

"நியாயந்தான்."

"நீங்க கூட இருக்கீங்கன்னா எங்களுக்குத் தைரியம். இல்லேன்னா நான் பொறுப்பில்ல."

மாசிலாமணி கலியமூர்த்தியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கேன்" என்றார்.

அப்படித்தான் அவர் தாழங்காலில் தங்கினார். ஆமணக்கை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். இடிந்த சுவருக்கு மண் குழைத்து வைத்தார்கள். மாசிலாமணி தன் பென்ஷனில் மூங்கிலும் தென்னங்கீற்றும் வாங்கிப் போட்டார். கூலிக்குக்கூட யாரும் வரவில்லை. இவருக்குக் கூரை வேலை பழக்கமில்லை, அவனுக்கோ மறந்துபோயிருந்தது. கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் புரட்டாசி பிறந்துவிட்டது. கூரையின் ஒரு பக்கச் சாய்ப்புதான் முடிந்திருந்தது.

ஆனாலும் மாசிலாமணிக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு வம்பு இல்லை, ஒரு சண்டை இல்லை. கலியமூர்த்தி அவர் சொன்னதை மீறுவதில்லை.

"ஐயா, குளத்துக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

"போயிட்டு வா. நேரத்தோட வந்துடு."

"ஐயா, படுத்துக்கட்டுங்களா?"

"படுத்துக்க."

ஊரும் பழகிவிட்டது. எதுவானாலும் அவரிடம் வந்து சொல்லும். அவர் சொன்னால் நடக்கும். இத்தனை வருஷ வேலையில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைக்கிறது என்றுகூட அவர் நினைத்தார்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் தையல்நாயகி அம்மா வந்தார். வரப்போவதாகச் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தே வந்தார். பாதிக் கூரையின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாசிலாமணி எல்லாவற்றையும் காட்டினார். சுவரைக் காட்டினார், அடுப்பைக் காட்டினார், கட்டி வைத்திருந்த கீற்றுகளைக் காட்டினார். அம்மா பார்த்தார்.

அப்போது டீக்கடைக்காரர் வந்தார். கலியமூர்த்தி அங்கேயே மண் குழைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல அபிஷேகம். அவனை அந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். கலியமூர்த்திக்கு நாலடி தள்ளி நின்று, கையை நீட்டி மாசிலாமணியிடம் கொடுத்தாள்.

"சுண்டைக்காய்க் குழம்பு. அவனுக்கும் குடுங்க."

"நல்லதும்மா."

அவள் போனாள். மாசிலாமணி சந்தோஷமாகத் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? இப்ப குழம்பெல்லாம் வருது."

அம்மா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஐயா, நீங்க வந்த நாள்லேர்ந்து, உங்களைத் தவிர இந்த ஊருல அவர்கிட்ட பேசினது யாரு?"

மாசிலாமணி யோசித்தார்.

"அவர் யார்கிட்ட பேசியிருக்கார்?"

மாசிலாமணி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"துணியை எடுத்து வைங்க. மடத்துக்குப் போகலாம்."

"அம்மா, கூரை பாதியில நிக்குது."

"நிக்கட்டும்."

"மழைக்காலம் வந்தாச்சு."

"ஆமா."

கலியமூர்த்தி குழைத்த மண்ணோடு எழுந்து நின்றான். "ஐயா, அப்ப நான் என்ன பண்ணட்டுங்க?"

மாசிலாமணி அம்மாவைப் பார்த்தார். அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி கேட்டதற்கெல்லாம் அதுவரை ஒரு பதில் சொல்லிவந்தவர்தான்.

"எனக்குத் தெரியலப்பா" என்றார்.

பஸ்ஸில் அவர் அம்மாவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. கொள்ளிடம் செம்மண் நிறமாக ஓடியது. மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"அம்மா, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகலாம்."

"யாரு பொறுப்பு?"

"நான்தான்."

அம்மாவின் குரலில் சமாதானமும் இல்லை, கோபமும் இல்லை. அவருடைய இலையும் காலையிலிருந்து அப்படியே மூடி இருந்ததை மாசிலாமணி பிறகுதான் கவனித்தார்.

மழை விடாத ஒரு முற்பகலில் அம்பலவாணன் குடையோடு வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் சேறு.

"என்னங்க ஐயா, இப்படி எங்க தலையில கட்டிட்டு வந்துட்டீங்களே" என்றார் மாசிலாமணியிடம். பிறகு அம்மாவைக் கும்பிட்டார். "அம்மா, இவரைத் திருப்பி அனுப்புங்க. அவன் பஸ் ஷெட்டுல போய் உக்காந்திருக்கான். அங்கயே கிடக்கான். பொம்பளைங்க பஸ்ஸுக்கு நிக்க முடியல. போன்னும் சொல்ல முடியல, வான்னும் சொல்ல முடியல."

"அவர் என்ன சொல்றார்?"

"யாரும்மா?"

"கலியமூர்த்தி."

அம்பலவாணன் தயங்கினார். "அவன்கிட்ட யாரும் பேசலயேம்மா. நேத்து மட்டும் டீக்கடைக்காரன் பொறுக்க முடியாம, 'டீ குடிக்கிறியாடா'ன்னு கேட்டுட்டான். அதுக்கே கடையில ரெண்டு பேர் கடைக்காரனைப் பிடிச்சுச் சத்தம் போட்டாங்க."

"ஏன்?"

"பூரணத்துக்குத் தெரிஞ்சா மனசு நொந்துபோகுமேன்னுதான்."

"அந்தம்மா அப்படிச் சொன்னாங்களா?"

"அவங்ககிட்ட போய் எப்படிம்மா கேக்கறது? எந்த மூஞ்சியோட போய் நிக்கறது?"

"கஷ்டந்தான்" என்றார் அம்மா.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அம்பலவாணன் காத்திருந்தார்.

"அப்ப ஐயாவை அனுப்பறீங்களா?"

"ஐயாவுக்கு இங்க தோட்ட வேலை இருக்கு."

அந்த மழையில் தோட்டத்தில் என்ன வேலை இருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்பலவாணன் அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு தாழங்காலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது. ஒரு காலையில் மாசிலாமணி அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"போய்ப் பாத்துட்டு வந்துடறேன்மா."

"போயிட்டு வாங்க" என்றார் அம்மா. தடுக்கவில்லை.

ஒரு பன் ரொட்டிப் பொட்டலமும் ஒரு போர்வையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். தாழங்காலில் இறங்கியதும் முதலில் ஷெட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. டீக்கடைக்குப் போனார்.

"வாங்கய்யா" என்றார் கடைக்காரர். "தலைவர் உங்ககிட்ட வந்துட்டுத் திரும்பினாருல்ல, நேரா பூரணம் வீட்டுக்குப் போயிட்டார். தெருப் பொம்பளைங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டு. நானும் பின்னாலயே போனேன். என்ன சொல்லப் போறாங்களோன்னு எல்லாருக்கும் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல உளுந்து புடைச்சுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் முறத்தைக் கீழ வச்சாங்க. 'இத்தனை நாளா என் பேரைச் சொல்லிச் சொல்லியே ஒதுங்கி நின்னீங்களே, ஒருத்தராவது என்கிட்ட வந்து கேட்டீங்களா?'ன்னாங்க. 'அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். என் கட்டை வேகிற வரைக்கும் அது மாறாது. என் வாசல் வழியா அவன் நடக்கக் கூடாது. குளத்துக்குப் போகணும்னா வாய்க்கால் கரையோட சுத்திப் போகட்டும். ஆனா மழையில கிடந்து சாகட்டும்னு நான் எந்தச் சாமிகிட்டயும் வேண்டிக்கல. என் புருஷனைக் கொன்னதுக்கு அவன் ஜெயிலுக்குப் போனான். அவன் இங்க கிடந்து செத்தா அதுக்கு யாரு போறது?'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு முறத்தை எடுத்துக்கிட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

கடைக்காரர் தம்ளரைக் கழுவினார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாங்க ஷெட்டுக்கு வந்தோம். அவனுக்குக் காய்ச்சல். தலைவர் போய்ப் பக்கத்துல உக்காந்தார். 'டேய் கலியா, நீ பண்ணது பண்ணதுதான். எழுந்திரு'ன்னார். அவன் எங்க எல்லார் முகத்தையும் ஒவ்வொண்ணாப் பாத்தான். அப்புறம் மெதுவா எழுந்தான். எதிர்வீட்டுப் பொண்ணுதான் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு, காய்ச்சல் விடுற வரைக்கும். நேத்து மழை கொஞ்சம் வெறிச்சுது. அதான் இன்னைக்குக் கூரை போடறாங்க. போய்ப் பாருங்க."

மாசிலாமணி போனார். போகும் வழியில் பூரணத்தின் வீட்டைக் கடந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. அவர் அடி எடுத்து வைப்பதைச் சற்று மெதுவாக்கிக்கொண்டார்.

கலியமூர்த்தியின் வீட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் அருகில் நின்று பார்த்தார். அவர் கட்டியிருந்த பாதிச் சாய்ப்பையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகட்டில் இரண்டு பேர், ஏணியில் ஒருவர், கீழே கீற்றை நனைத்துக் கொடுக்கிறவர்கள் ஐந்தாறு பேர். அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீற்றைக் கட்டத் தென்னம்பாளையிலிருந்து கயிறு கிழித்தார். எல்லோரும் வந்திருக்கவில்லை. பல வீட்டு வாசல்களில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் எதையோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

கலியமூர்த்தி ஏணிக்குக் கீழே நின்று கீற்றைத் தூக்கிக் கொடுத்தான். இளைத்திருந்தான்.

"ஏய் கலியா, அடிமட்டையை முன்னால குடுடா. எத்தனை தடவை சொல்றது? கை கிழியுது" என்று ஏணியில் நின்றவர் ஏசினார்.

"இந்தா, பிடி" என்றான் கலியமூர்த்தி.

அந்தக் குரலை மாசிலாமணி அதற்கு முன் கேட்டதில்லை.

கீற்றைக் கொடுத்துவிட்டு அவன் திரும்பினான். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். மாசிலாமணி நின்ற பக்கம்தான் பார்த்தான். இருவருக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்கூட இல்லை. அவன் பார்வை அவர்மேல் பட்டு நகர்ந்தது. குனிந்து அடுத்த கீற்றை எடுத்தான்.

மாசிலாமணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். போர்வையை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தார். பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, கையோடு பஸ் ஏறிவிட்டார்.

மடத்துக்கு வந்தபோது அம்மா ஈரத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தார். மாசிலாமணி கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பூரணம் சொன்னதைச் சொன்னார். தன் சாய்ப்பைப் பிரித்துப் போட்டதையும் சொன்னார். அம்மா ஒரு துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்ன ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "எதிர்லதான் நின்னேன். என்னைப் பாத்தான். பாத்தும் என்னை அவனுக்குத் தெரியல. இத்தனை மாசம் ஒரே அடுப்புல பொங்கித் தின்னோம். மனசு ஒரு மாதிரி இருக்கு."

அம்மா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"ஜெயில்லேர்ந்து வந்த ஒருத்தருக்கு, காவலர் எதிர்ல நிக்கறதே தெரியாமப் போகணும்னா, அதுக்கு எத்தனை பேரு பாடுபட்டிருக்கணும், ஐயா."